மருந்து சேர்க்காத சாசேஜ்

சார், அந்தப் பையை மட்டும் காலால் தள்ளிவிடாதீங்க. உள்ளே ஐஸ் இருக்கிறது. ஐஸுக்கு நடுவில் சாசேஜ், குடலில் அடைத்த பன்றிக்கறி. கடையில் வாங்கியது, சீல் பிரிக்காதது. வாடை வராது, பயப்படாதீங்க. பயப்படுவதற்கு இந்த பஸ்ஸில் நான் ஒருத்தன் போதும்.

திருப்பூர் வரைக்குமா நீங்க? நல்லதாகப் போயிற்று. கையில் எக்ஸ்ரே கவர் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் மற்ற சீட்டை எல்லாம் விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். டாக்டரா? இல்லையா. அம்மாவுக்கு எடுத்ததா. முட்டியா? சரி சரி. கம்பவுண்டராக இருந்தால்கூடப் போதும் என்று நினைத்தேன். மோட்டார் ரிப்பேர் கடையா? அப்படியென்றால் கரண்ட் விஷயம் தெரியும். பாதிக் கதை உங்களுக்குப் புரியும். மீதிப் பாதிக்குத்தான் டாக்டர் வேண்டும்.

ஒரு நிமிஷம், கண்ணாடியைக் கழற்றுங்களேன். ஒன்றுமில்லை. நேற்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் இமையைத்தான் பார்க்கிறேன். உங்களுக்கு நன்றாக இருக்கிறது. போட்டுக்கொள்ளுங்க.

என் பேர் சூசைமாணிக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ பாக்டரியில், இலை காய வைக்கிற ட்ரையர் பார்க்கிறேன். நைட் ஷிப்ட். கல்யாணத்துக்கு முந்தியே நைட், இன்றைக்கும் நைட். பகலில் தூங்கு என்பார்கள். தூக்கம் என்ன பால்காரனா, கூப்பிட்டால் வர? தூங்காதவன் கை சும்மா இருக்காது சார். எதையாவது கழற்றும், எதையாவது மாட்டும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஐடிஐ வாசலைக்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். இப்போது போன் வந்த பிறகு உலகமே சொல்லித் தருகிறது. ட்ரையர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவைப் பார்ப்பேன். கை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதாதா? வாய் எதற்கு? அப்படித்தான் நினைத்தேன்.

ஆரம்பித்து வைத்தது என் மகள் ஜெசிந்தா. ஒரே பிள்ளை. திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கட்டிக் கொடுத்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளே பார்த்து அவளே கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பூபதி, பனியன் கம்பெனியில் மெஷின் பார்க்கிற இன்ஜினியர். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் வேறு. கூடவே அவருடைய அம்மாவும் இருக்கிறார்கள், என் சம்பந்தியம்மா. வெள்ளி செவ்வாய் பார்க்கிறவர்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. நல்ல பையன். பிள்ளையைத் தாங்குகிறார். ஒரே ஒரு குறைதான். சிரிப்பார்.

எதற்குச் சிரிப்பார் என்கிறீங்களா? அவர்கள் வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கு, நான் என் கையால் செய்த வாட்டர் ஹீட்டர் ஒன்றைக் கொண்டு போனேன். போட்டேன். அந்த அபார்ட்மெண்ட் முழுவதும் கரண்ட் போய்விட்டது. லிப்டுக்குள் இரண்டு பேர். அன்றைக்கு ஆரம்பித்தது. "மாமா வர்றாரா, மெழுகுவர்த்தி எடுத்து வெச்சுக்கங்க." சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் அந்தக் கதையைச் சொல்லிவிட்டார். வளைகாப்புக்கு வந்தவர்கள்கூட என்னைப் பார்த்ததும் ஸ்விட்ச் போர்டைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். என்ன செய்ய.

கதை எங்கே விட்டேன்? ஜெசிந்தா. மாசமாக இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் போனில், "அப்பா, குன்னூர்ல என் ஃப்ரெண்டு வீட்டுல கிறிஸ்மஸுக்குச் சாப்பிட்டேனே, புகை போட்ட சாசேஜ், அதே ஞாபகமா இருக்குப்பா" என்றாள். பிள்ளை வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் எதுவுமே கேட்டதில்லை சார் அவள்.

என் வீட்டுக்காரி செலின் பக்கத்தில்தான் இருந்தாள். "குன்னூர்ல கடை இருக்கு. பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வாங்க. உங்க மூளைய இதுல விடாதீங்க" என்றாள். நான் விடுவேனா? "கடைக்காரன் மருந்து போடுறான்டி. கெட்டுப்போகாம இருக்க, செவப்பா தெரிய, என்னென்னமோ பொடி. வயித்துப்பிள்ளக்காரிக்கு மருந்து போட்டதக் குடுப்பாங்களா? நான் செய்றேன், மருந்தே இல்லாம" என்றேன். இந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். மருந்தே இல்லாமல்.

பாக்டரியில் பழைய இரும்பு லாக்கர் ஒன்றைத் தூக்கி எறிந்திருந்தார்கள். ஆள் உயரம், ஒற்றைக் கதவு. மேனேஜரைக் கேட்டு எடுத்துக்கொண்டேன். முதலில் உள்ளே இருந்த பெயிண்டைக் கொளுத்திச் சுரண்டினேன். பெயிண்ட் புகை இறைச்சியில் ஏறக்கூடாது இல்லையா, அந்த அளவுக்கு விவரம் உண்டு எனக்கு. அடியில் கரண்ட் காயில் அடுப்பு. அடுப்பின்மேல் பிஸ்கட் டின், அதற்குள் மரச்சீவல். புகைய வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. அதற்கு ஒரு பழைய கீசரின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மாட்டினேன். காற்றுத் தள்ள ஒரு கம்ப்யூட்டர் ஃபேன். புகை வெளியேற மேலே ஒரு குழாய். தொங்கவிட சைக்கிள் ஸ்போக்ஸ். மரம் எது தெரியுமா? கவாத்து செய்து வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டை. நான் பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் ஆப்பிள் மரத்தைப் போடுகிறான். நம்மிடம் தேயிலை. அந்தப் புகை வாசனையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதல் தடவை போட்ட அன்றைக்கு செலின் கதவைத் தொட்டாள். பிடித்து உதறிவிட்டது. எர்த் கொடுக்க மறந்திருந்தேன். பிறகு ஒரு கம்பியை மண்ணில் இறக்கினேன். நீங்கள் தலையை ஆட்டுவது தெரிகிறது. சரியான முறை இல்லைதான். ஆனால் கரண்ட் கடித்தால் கடித்தது என்று தெரியும் சார். சத்தம் போடலாம், கையை உதறலாம். அதற்கெல்லாம் நான் பயந்ததே இல்லை.

இறைச்சி நல்ல வெள்ளைப் பன்றி. குடலைச் செலின்தான் கழுவினாள், உப்பும் எலுமிச்சையும் போட்டுத் திரும்பத் திரும்ப. வாயால் திட்டிக்கொண்டே கழுவினாள், ஆனால் கண்ணாடி மாதிரி கழுவிக் கொடுத்தாள். மிளகு, பூண்டு, ஜாதிக்காய். உப்பு. வீடியோவில் அந்த வெள்ளைக்காரன் ரோஸ் நிறத்தில் ஒரு உப்பைச் சிட்டிகை எடுத்துப் போட்டான். ரோஸ் உப்பு எனக்குத் தெரியாதா? இந்துப்பு. நாட்டுமருந்துக் கடையில் கட்டிக் கட்டியாக வைத்திருக்கிறார்களே, வயிற்றுக்கு நல்லது என்பார்களே, அதுதான். அவன் சிட்டிகை போட்டான், நான் கைப்பிடி போட்டேன். நல்லதைக் கொஞ்சம் கூடப் போட்டால் என்ன?

இதற்கு மேல்தான் என் சொந்த மூளை. கொழுந்து வந்ததும் நேராக ட்ரையரில் போட்டால் என்ன ஆகும்? மேலே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். முதலில் வாட்ட வேண்டும். இளஞ்சூட்டுக் காற்றில் ராத்திரி பூராவும் கிடந்து துவள வேண்டும். துவண்ட கொழுந்தில்தான் வாசனை ஏறும். இதை ஆயுசு முழுக்கச் செய்கிறவன் நான். வெள்ளைக்காரன் எடுத்ததும் சூடு வைக்கிறான், அவசரக்காரன் என்று நினைத்தேன். சாசேஜைத் தொங்கவிட்டு, ஒரு ராத்திரி பூராவும் இளஞ்சூட்டில் வாட்டினேன். கை வைத்தால் பிள்ளையின் நெற்றிச் சூடு இருக்குமே, அந்தச் சூடு. மறுநாள்தான் புகை. அதையும் சூடு ஏற்றாமல் மெதுவாகவே கொடுத்தேன். வெளியே எடுத்தால், சார், தேன் நிறம். செலின்கூடத் திட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

நான் ருசி பார்க்கவில்லை. தவக்காலம். சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் எங்கள் வீட்டில் கறி கிடையாது. செய்தவன் வாயில் வைக்கவில்லை, கழுவியவளும் வாயில் வைக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் தவக்காலம் இல்லை. அவளுக்குத்தானே செய்தது. நான் தின்றிருந்தால் எனக்கு வந்திருக்கும், தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் தெரிந்த டிரைவர் ஒருத்தரிடம் பார்சல் கொடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டார். நான் பிள்ளைக்குப் போன் போட்டு, "சமைக்க வேண்டாம்மா, வேக வெக்காத, புகை வாசன போயிடும். அப்படியே மெல்லிசா நறுக்கிச் சாப்பிடு" என்றேன். ஒரு தடவை சொன்னது போதாது என்று திரும்பவும் போன் போட்டுச் சொன்னேன்.

குருத்தோலை ஞாயிறு. கையில் ஓலையோடு கோயிலிலிருந்து வருகிறேன், அவளே கூப்பிடுகிறாள். "அருமையா இருந்துச்சுப்பா." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரோட்டிலேயே நின்றுவிட்டேன். "மாப்பிள்ளை என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "அவரும் நல்லாருக்குன்னாரு." சிரிக்கவில்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

நேற்று எனக்கு வார லீவு. வீட்டில் சத்தமில்லை. அடுத்து பன்றித் தொடையைப் புகை போடலாம் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயநாட்டுக்காரர் ஒருத்தர், மலையாளம் பேசுகிறார். மலையாளம் எனக்குப் புரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக சத்தத்தோடு கேட்கிறேன் சார். அந்த ஆள் ரோஸ் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார், இது நீங்கள் வீட்டில் சாப்பிடுகிற ரோஸ் உப்பு இல்லை, இது வேறு, இது மருந்து, சாயம் கலந்து வைத்திருக்கிறார்கள், சாதா உப்போடு மாறிப்போகக்கூடாது என்று. இது இல்லாமல் இளஞ்சூட்டில் மட்டும் சாசேஜைத் தொங்கவிடாதீர்கள், குடலுக்குள் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் ஒரு கிருமி வளரும், அது விஷம் விடும் என்று. வாடை வராது. ருசி மாறாது. நிறம் மாறாது. உடனே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கழித்து வரலாம், நாலு நாள் கழித்தும் வரலாம். முதலில் இமை தொங்கும். பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். நாக்குக் குழறும். பிறகு மூச்சு. காலத்தோடு டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறதாம், ஆனால் இன்னதைத் தின்றோம் என்று சொல்ல வேண்டுமாம்.

நான் எழுந்து போய் லாக்கரைப் பார்த்தேன். அது பாட்டுக்கு நிற்கிறது. கதவைத் திறந்தேன். உள்ளே இன்னும் நல்ல வாசனை.

என்ன சார்? உடனே போன் செய்ய வேண்டியதுதானே என்கிறீங்களா? செய்தேன். செய்யாமலா? வீடியோ கால். "மேல பாரும்மா. கீழ பாரு. லைட்டப் பாரு." அவள், "என்னப்பா, கண் டாக்டராயிட்டியா?" என்கிறாள். இமை கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. மத்தியானத் தூக்கத்தில் எழுந்து வந்தாளாம். "டிவியெல்லாம் தெளிவாத் தெரியுதா?" என்றேன். "தெரியுதுப்பா." "எத்தன டிவி தெரியுது?" என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் பின்னால் மாப்பிள்ளை தலை தெரிந்தது. "மாமா, புதுசா என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க?" கட் பண்ணிவிட்டேன்.

இல்லை, விஷயத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்க. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம், நீ தின்றது விஷமாக இருக்கலாம் என்று போனில் சொன்னால் அந்தப் பயத்திலேயே ஏதாவது ஆகிவிடாதா? அவளுக்காகத்தான் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம் என்கிறீங்க. சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை நம்பர் என் போனில் சட்டென்று கிடைக்காது. இருக்கிறது, இல்லாமல் இல்லை. அவர் வேலை நேரம் வேறு. மெஷின் பக்கத்தில் நிற்கிறவரை ஏன் கலங்கடிக்க வேண்டும்? செலினிடமும் சொல்லவில்லை. பி.எப். ஆபீஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால்தான் இந்தப் பை. விடிந்ததும் குன்னூர் போய்க் கடை திறக்கிற வரைக்கும் நின்று வாங்கினேன். மருந்து போட்ட சாசேஜ். நேராகப் பிள்ளை வீட்டுக்குப் போவேன், தண்ணீர் வேண்டும் என்று பிரிட்ஜைத் திறப்பேன், என்னுடையதை எடுத்து இந்தப் பையில் போட்டுவிட்டு இதை அங்கே வைப்பேன். யாருக்கும் தெரியாது. பிறகு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. தெரியாவிட்டால் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். நல்ல யோசனைதானே?

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க?

மலை இறங்கும்போது சிக்னல் இல்லை. நிஜமாகவே இல்லை, கொண்டை ஊசி வளைவில் எங்கே சிக்னல். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாற வேண்டியிருந்தது. அன்னூரில்... அன்னூரில் உங்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டேன். இப்போது அவிநாசி வரப்போகிறது. நாலு கோடும் முழுசாகக் காட்டுகிறது, பாருங்க.

நீங்கள் போட்டுக் கொடுக்கிறீங்களா? வேண்டாம் வேண்டாம். நானே போடுகிறேன். விரல் தப்புத் தப்பாகத் தட்டுவது நைட் ஷிப்டால். தூங்காத கை அப்படித்தான் இருக்கும்.

ஹலோ, ஜெசி? அப்பாதாம்மா... பஸ்ல இருக்கேன். சும்மா, உன்னப் பாக்கத்தான்... ஏம்மா, அந்த சாசேஜ் மிச்சம் இருக்கா?... எவ்வளவு சாப்பிட்ட நீ? உண்மையச் சொல்லு... அப்பா கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு... யாருக்கு?... எல்லாத்தையுமா?... நீ ஒரு துண்டுகூட? மாப்பிள்ளை?... சரி. சரிம்மா. அழாத, நான் கோவிச்சுக்கல. வெச்சிடு, வந்து பேசிக்கலாம்.

சார். பிள்ளை சாப்பிடவில்லை சார்.

சாப்பிடவே இல்லையாம். மாதாவே. ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லையாம். கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்கிக்கொள்கிறேன். உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொடுங்க.

பன்றிக்கறி வீட்டுக்குள் வரக்கூடாது என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்களாம். பார்சலை வாசற்படிகூடத் தாண்டவிடவில்லையாம். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டிலிருந்து கொண்டு வந்தவர் அப்படியே கீழே இறங்கிக் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாராம். "உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்ப்பா நல்லாருந்துச்சுன்னு சொன்னேன்" என்கிறாள். அழுகிறாள். நான் சிரிப்பதா அழுவதா? அந்த அம்மா நன்றாக இருக்கட்டும். நூறு வருஷம் இருக்கட்டும்.

ஆனால் பாருங்க, ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு நறுக்கி முகர்ந்து பார்த்திருக்கலாம் இல்லையா? தேயிலைப் புகை சார் அது. இப்படிப் படி ஏறாமல் கேட்டோடு... போன கிறிஸ்மஸுக்குக் கேக் அனுப்பினேன், அதையும் அருமை என்றுதான் சொன்னாள். அது யார் வாய்க்குப் போயிற்றோ. சரி விடுங்க. இன்றைக்கு அதைப் பேசக்கூடாது. பிள்ளை சாப்பிடவில்லை. அவிநாசியில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று பார்க்கிறேன். எட்டு மணிக்கு ஷிப்ட் இருக்கிறது. இந்தப் பையை வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்க, நல்ல கடை.

என்ன சார்?

யாரு?

வாட்ச்மேனா.

நான் கேட்கவில்லை. பிள்ளை சாப்பிடவில்லை என்றதும் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. எல்லாத்தையும் அவருக்குக் கொடுத்துவிட்டதாகத்தான் சொன்னாள்.

சார், நைட் வேலைக்காரனுக்கு யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். எனக்கும் மேனேஜர் பங்களாவிலிருந்து வரும், விருந்து மிச்சம். யார் செய்தது, எப்போது செய்தது என்று நான் கேட்டதே இல்லை. சுட வைக்கவும் மாட்டேன். எங்கே சுட வைக்க? ட்ரையர் பக்கத்தில் நின்றுகொண்டே பேப்பரைப் பிரித்துச் சாப்பிடுவேன். அந்த ஆளும் வேக வைத்திருக்க மாட்டார். வேக வைக்க வேண்டாம் என்று பிள்ளை சொல்லி அனுப்பியிருப்பாள். நான்தானே சொன்னேன்.

போடுகிறேன், போடுகிறேன். அவசரப்படுத்தாதீங்க.

ஜெசி, ஒண்ணு கேக்கணும். அந்த வாட்ச்மேன் பேரு என்னம்மா?... வாட்ச்மேன் அண்ணன்னா, அவருக்குப் பேரு இல்லையா?... இப்ப கேட்ல இருக்காரா?... எத்தன நாளா?... ஊருக்குப் போயிருப்பாருன்னு யார் சொன்னா?... மாப்பிள்ளை வீட்டுலயா இருக்காரு? சாப்பிட வந்திருக்காரா?... அவருகிட்டக் குடு. குடும்மா, நீ குடு.

மாப்பிள்ளை. நான்தான். ஒரு ஒத்தாச பண்ணணும். கீழ போயி, இப்ப நிக்கிற வாட்ச்மேன்கிட்ட, பழைய ஆளு எங்கன்னு கேளுங்க... காரணம் சொல்றேன். மொதல்ல கேளுங்க... போன வெக்காதீங்க, நான் இருக்கேன்.

படி இறங்குகிற சத்தம் கேட்கிறது சார். செருப்புச் சத்தம். புதிய ஆள் போலிருக்கிறது, வேறு குரல். காதில் சரியாக விழவில்லை. இந்த பஸ் ஏன் இப்படி ஹாரன் அடிக்கிறது?

சொல்லுங்க மாப்பிள்ளை... ம்... ம்... எப்ப?... வேற என்ன சொன்னாரு?... குடிச்சிருக்காருன்னா?... எந்த ஆஸ்பத்திரி?

பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார் சார். பேர் பொங்கியண்ணன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டூட்டியில் இருந்தவர் நேற்றுக் காலையில் கேட்டைத் திறக்கப் போய், பூட்டில் சாவியைப் போடத் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றாராம். பூட்டு இரண்டாகத் தெரிகிறது என்றாராம். பேச்சுக் குழறியது. கண்ணைத் திறக்க முடியாமல் சொருகிக்கொண்டு நின்றார். குடித்திருக்கிறார் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அபார்ட்மெண்ட் செக்ரட்டரி வந்து, இனி வேலைக்கு வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நேற்றுச் சாயங்காலம் மூச்சு இழுத்ததும் அவர் மகன்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். உயிர் இருக்கிறதாம். என்ன என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம்.

நேற்று மத்தியானமே எனக்குத் தெரியும் சார். அவர் சேர்வதற்கு முன்னாலேயே தெரியும்.

நேராகச் சொல்லிவிடுங்க என்கிறீங்களா. சொல்கிறேன். என் தோளை மட்டும் விட்டுவிடாதீங்க.

மாப்பிள்ளை, லைன்ல இருக்கீங்களா? கேளுங்க. அவரு குடிக்கல. நான் அனுப்புன சாசேஜ்ல விஷம் ஏறியிருக்கும்னு பயப்படறேன். கிருமி விஷம். நேத்தே தெரியும் எனக்கு. சொல்லல... ஆமா. ஆமாய்யா... வேற யாருக்காவது பங்கு குடுத்தாரான்னு அவர் மகன்கிட்டக் கேளுங்க. மிச்சம் இருந்தா யாரும் தொடக்கூடாது, டாக்டர்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க... பைக்ல போறீங்களா? நான் அவிநாசி தாண்டிட்டேன், பின்னாலயே வர்றேன்... டாக்டர்கிட்ட என்ன சொல்றதா? சொல்றேன். ஒண்ணொண்ணா சொல்றேன், மனசுல வாங்கிக்கங்க. இரும்பு லாக்கர். அடியில காயில் அடுப்பு. கீசர் தெர்மோஸ்டாட்... சூடு, நெத்தியத் தொட்டா இருக்குமே, அதுக்கு மேல போகல... ராத்திரி பூரா... குடல்ல அடைச்சது. வேக வெக்கவே இல்ல. வேக வெக்காதன்னு சொல்லி வேற அனுப்புனேன்... புகை, தேயிலைக் கட்டைப் புகை, அது மறுநாளு. அதுல ஒண்ணும் இல்ல...

ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்கிறார் சார். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து. நான் செய்த எதைப் பற்றியும் இப்படி ஒரு கேள்வி அவர் கேட்டதே கிடையாது.

ஆங், இருக்கேன் மாப்பிள்ளை... மருந்தா? போடல. மருந்தே போடாம செஞ்சது... உப்பு போட்டேன். ரோஸ் உப்பு...

சார், உப்பு என்ன உப்பு என்று கேட்கிறார்.

இந்துப்பு, மாப்பிள்ளை. நாட்டுமருந்துக் கடையில வாங்குன இந்துப்பு. வீடியோல போட்ட ரோஸ் உப்பு அதுதான்னு நெனச்சுட்டேன்.

சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று காதை வைத்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை சிரித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. போனை அவர் வைக்கவில்லை. வண்டியைக் கிளப்புகிற சத்தம்தான் கேட்டது.